காணாமற்போன எழுவாய்

கடந்த ஆனி மாதம் வஹகோட்டையில் தங்கியிருந்தேன். புனித அந்தோனியார் ஆலயத்தால் பெயர்பெற்ற இம்மாத்தளைக் கிராமம், கண்டி மன்னர் சிறைப்பிடித்த போர்த்துக்கீசப் படையினர் குடியமர்த்தப்பட்ட இடம் என்பது வழிவழிச் செய்தி. என்னை அழைத்திருந்தவர் சிங்களப் பத்திரிகையொன்றில் பணியாற்றிய நீண்டகால நண்பர்.

ஓய்வுபெற்ற பின் ஜப்பானிய மொழி பயின்று வருகின்றேன். அவ்வேளையில் நான் படித்துக்கொண்டிருந்த பாடம் போர்ச் சொற்கள். 'சென்சோ' என்றால் போர். 'ஃபுன்சோ' என்றால் பிணக்கு. 'புர்யொக்கு' என்றால் படைபலம். 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையில் இம்மூன்றும் உள்ளன. போரையும் படைபலப் பிரயோகத்தையும் நாடு அங்கே கைவிடுகின்றது. ஆயினும் 1954இல் அமைக்கப்பட்ட படைக்கு 'ஜியெய்தாய்', அதாவது தற்காப்புப் படை என்று பெயரிட்டனர். இராணுவம் என்னும் சொல் தவிர்க்கப்பட்டது.

அடுத்த பக்கம் என்னை நிறுத்தியது. 1943 பெப்ரவரியில் குவாடல்கனால் தீவிலிருந்து பின்வாங்கியதை 'தென்ஷின்' என அறிவித்தார்கள். திசைமாறி முன்னேறுதல் என்பது அதன் பொருள். அவ்வாண்டு மே மாதம் அட்டுத் தீவில் படையணி அழிந்ததற்கு 'கியொகுசாய்' என்றார்கள்; மணி சிதறுதல். 1945இன் தோல்வி 'ஷூசென்' ஆயிற்று; போர் முடிவு.

நகைக்க முடியவில்லை. நம் நாட்டில் 2006 முதல் 2009 வரையான போரை அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது. மறுதரப்பின் இழப்புகள் 'தந்திரோபாயப் பின்வாங்கல்' ஆயின. இரண்டையும் என் கையாலேயே அச்சுக்கு அனுப்பினேன். அதைவிட வெட்கத்துக்குரியது, 'எறிகணை வீழ்ந்து ஐவர் பலி' போன்ற தலைப்புகள். எறிகணை மழைபோலத் தானாக வீழ்ந்ததா? எய்தவர் யார் என்னும் எழுவாயை அச்சத்தால் நானே நீக்கினேன்.

அந்தி வேளையில் நண்பரின் தாயார் மெழுகுவர்த்தி ஏற்றினார். இளைய மகன் படையில் சேர்ந்தவன். 'நடவடிக்கையின்போது காணாமற்போனார்' என்று கடிதம் வந்ததாம்.

"நீங்கள் பேப்பரில் எழுதியவர்தானே, மகன்? காணாமற்போனான் என்றால் என்ன அர்த்தம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தெரிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. தொலைந்தவற்றை மீட்டுத் தருபவர் அந்தோனியார் என்பது அவர் நம்பிக்கை. இம்முறையும் நான் ஒரு சொல்லை மறைத்தேன். இரக்கத்தாலா, பழக்கத்தாலா என்று இன்னும் தெளியவில்லை.