எதிரி ஜெயிக்கணும், சாமி!

பால்டிமோரில் சனிக்கிழமை மத்தியானம் யாரிடமாவது வழி கேட்பதாக இருந்தால் கொஞ்சம் யோசித்துக் கேளுங்கள். வழி சொன்ன கையோடு பாயின்ட்ஸ் டேபிளையும் சொல்லி அனுப்பிவிடுவார்கள்!

நான் மாட்டிக்கொண்டது ஒரு ஏப்ரல் மாதத்தில். குளிர் கிளம்பிவிட்டது, ஆனால் வாசலில் நின்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்கிற மாதிரி ஒரு வெயில். நார்த் சார்லஸ் தெருவில் வடக்கே நடந்தால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிடி. ஹாப்கின்ஸ் என்றால் நமக்கு டாக்டர்களும் ஆராய்ச்சியும்தான் ஞாபகம் வரும். சனிக்கிழமை அந்தத் தெருவில் நடக்கிறவர்களுக்கு ஞாபகம் வருவது லக்ராஸ்! மற்ற விளையாட்டுகளில் எல்லாம் மூன்றாவது டிவிஷனில் சமர்த்தாக ஆடுகிற காலேஜ், லக்ராஸில் மட்டும் முதல் டிவிஷன்.

லக்ராஸ் தெரியாதவர்களுக்கு: ஹாக்கி மட்டையின் நுனியில் ஒரு வலைப்பையைக் கட்டிக்கொள்ளுங்கள். கெட்டியான ரப்பர் பந்தை அதில் ஏந்திக்கொண்டு ஓடி, ஆறடிக்கு ஆறடி கோலுக்குள் வீச வேண்டும். பக்கத்துக்குப் பத்துப் பேர். கால் மணி நேரமாக நான்கு பகுதி. எதிராளி குச்சியால் நம் குச்சியைத் தட்டலாம், கையுறையைத் தட்டலாம். பார்க்கிற நமக்குத்தான் 'ஐயோ' என்றிருக்கும். வட அமெரிக்கப் பழங்குடிகள் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு ஆடிய ஆட்டம். 1867-ல் மான்ட்ரியல் பல் டாக்டர் ஒருவர் அதற்குச் சட்டதிட்டம் எழுதினார். (ஆட்டத்தைப் பார்த்தால், பல் டாக்டருக்கு இதில் ஏன் அக்கறை என்று புரிகிறது!)

மேரிலாந்து மாநிலம் 2004-ல் இதைத் தன் அதிகாரபூர்வ குழு விளையாட்டாகவே அறிவித்துவிட்டது.

பென்சில் பெரியவர்

ஹோம்வுட் ஃபீல்ட் ஒன்றும் பிரமாண்டமான ஸ்டேடியம் இல்லை. 8,500 பேர் உட்காரலாம். உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் மேல் 'ஓல்ட் பே' என்கிற உள்ளூர் மசாலாவைத் தூவிக்கொண்டு நானும் ஒரு பலகையைப் பிடித்தேன். பக்கத்தில் வெளிர்நீலத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். மடியில் மஞ்சள் காகிதப் புத்தகம், காதில் பென்சில். ஆட்டம் மும்முரமாக நடக்கிறது, மனிதர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்!

"மேட்ச் பார்க்கலையா?" என்றேன்.

"இந்த மேட்ச் எங்க கையில இருக்கு. என் கவலை வேற ஊர்ல நடக்கிற மேட்ச்" என்றார். அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பேரன் செல்போனை நீட்டி, "இன்னும் மேரிலாந்துதான் லீடிங், தாத்தா" என்றான்.

பெரியவர் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்குத் தலை சுற்றியது. மேரிலாந்து யுனிவர்சிடி ஹாப்கின்ஸுக்குப் பரம வைரி ஆயிற்றே! இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் காலேஜ் பார்க்கில் இருக்கிறார்கள். 1895-லிருந்து பகை. ஜெயிக்கிறவர்களுக்குப் பரிசு, மரத்தில் செய்த பெரிய நண்டு. அந்த வைரி லீடிங் என்று கேட்டு ஒரு ஹாப்கின்ஸ்காரர் நிம்மதிப்படுவதா?

"யங் மேன், உங்களுக்கு ஆர்.பி.ஐ. தெரியுமா?" என்று பென்சிலை எடுத்தார். ஓட நினைத்தேன். ஃப்ரைஸ் பாக்கி இருந்தது.

பக்கத்து பெஞ்ச் மார்க்

விஷயம் இதுதான். மே மாதம் தேசிய டோர்னமென்ட். அதில் நுழைய இரண்டே வாசல். ஒன்று, உங்கள் லீகின் டோர்னமென்டை ஜெயித்தால் நேரடி டிக்கெட். இல்லையென்றால் ஒரு கமிட்டி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து மிச்ச டீம்களைப் பொறுக்கும். நம் ஆபீஸ் ப்ரமோஷன் லிஸ்ட் மாதிரி!

கமிட்டி புரட்டுகிற கணக்குகளில் முக்கியமானது இந்த ஆர்.பி.ஐ. நூற்றில் 25 பங்குதான் நீங்கள் ஜெயித்ததற்கு. 50 பங்கு, உங்களோடு மோதிய டீம்கள் எவ்வளவு ஜெயித்தன என்பதற்கு. பாக்கி 25, அந்த டீம்களோடு மோதிய டீம்களுக்கு! அதாவது பரீட்சை எழுதுவது நீங்கள். முக்கால்வாசி மார்க் வருவது பக்கத்து பெஞ்ச்காரன் பேப்பரிலிருந்து.

"அதனாலதான், எங்களோட ஆடற டீம் மத்த எல்லாரையும் அடிச்சு நொறுக்கணும். இந்த சனிக்கிழமை மேரிலாந்து ஜெயிக்கணும். அடுத்த சனிக்கிழமை எங்ககிட்ட தோக்கணும்."

"லீக் டேபிள்ல?"

"அங்கேயும் அதே கதைதான்" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

இவர்கள் லீக் பெயர் பிக் டென். டென் என்று பெயரே தவிர, ஆண்கள் லக்ராஸில் இருப்பது ஆறே டீம்: ஹாப்கின்ஸ், மேரிலாந்து, மிஷிகன், ஒஹையோ ஸ்டேட், பென் ஸ்டேட், ரட்கர்ஸ். ஆளுக்கு ஐந்தே லீக் மேட்ச். ஐந்து மேட்சில் ஆறு பேரை வரிசைப்படுத்தினால் இடிக்காமல் என்ன செய்யும்? இரண்டு பேர் சமம் என்றால் சுலபம், நேருக்கு நேர் யார் ஜெயித்தார்களோ அவர்கள் மேலே. மூன்று பேர் சமமானால்தான் வினை. நாய் பூனையை விரட்டியது, பூனை எலியை விரட்டியது, எலி நாயை விரட்டிவிட்டது. இதில் யார் பெரியவன்? அந்த மூவருக்குள் நடந்த மேட்சுகளின் கோல் வித்தியாசம், மேலே இருக்கிற டீமிடம் யார் எப்படி ஆடினார்கள் என்று லீகுக்கு லீக் ஒரு வரிசையில் சல்லடை போடுவார்கள்.

நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. 2024 மே 18-ம் தேதி பெங்களூரில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு 201 ரன் எடுத்தால் போதும், தோற்றாலும் ப்ளே ஆஃப் என்கிற நிலை. 191-ல் நின்றார்கள். இரண்டு டீமும் 14 பாயின்ட். ரன் ரேட் பெங்களூருவைக் கூப்பிட்டுக்கொண்டது. அன்று ராத்திரி தமிழ்நாட்டில் எத்தனை பேர் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தோம்! பெரியவரிடம் சொன்னேன். "சின்ன வித்தியாசம்தான்... ஆனா வருஷம் பூரா வலிக்கும்" என்றார், சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்தைக் கேட்ட மாதிரி.

தனிக்குடித்தனம் முடிந்த கதை

"எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டேன்.

பென்சில் நின்றது.

ஹாப்கின்ஸ் எந்த லீகிலும் சேராத டீமாக இருந்தது. யார் தயவும் வேண்டாம், எங்கள் ஆட்டமே எங்களுக்கு டிக்கெட் என்ற கர்வம். கர்வப்படலாம், 1972 முதல் 2012 வரை ஒரு வருஷம்கூட விடாமல் தேசிய டோர்னமென்டில் ஆடியவர்கள். 2013-ல் கமிட்டி லிஸ்டில் பெயர் இல்லை. தனி ஆளாயிற்றே, நேரடி டிக்கெட்டும் கிடையாது! 41 வருஷச் சங்கிலி அறுந்தது.

அதே வருஷம் கோடையில் பிக் டென்னில் லக்ராஸுக்கு மட்டும் சேர்வதாக அறிவித்தார்கள். 2015-ல் முதல் சீஸன். இதில் ஒரு சூட்சுமம். நேரடி டிக்கெட் வேண்டுமானால் அன்றைய விதிப்படி லீகில் ஆறு டீம் இருக்க வேண்டியிருந்தது. பிக் டென்னில் அப்போது ஐந்து. ஆறாவது இலை போட்டால்தான் பந்தி என்கிற நேரத்தில் ஹாப்கின்ஸ் போய் உட்கார்ந்தது. அந்த முதல் வருஷமே லீக் டோர்னமென்டையும் ஜெயித்தது!

மேரிலாந்து விட்டுவந்த பழைய லீகான ஏ.சி.சி.யில் மிஞ்சியது ஐந்து. அந்தக் குறை 2022-ல் நோட்டர் டேம் தலையில் விடிந்தது. கடைசி ஆறு மேட்சையும் ஜெயித்து, 8-4 கணக்கில், வர்ஜீனியாவோடு லீகில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட டீம். ஐந்து டீம் லீக், நேரடி டிக்கெட் கிடையாது. கமிட்டியும் கைவிட்டது. சீஸன் ஆரம்பத்தில் அவர்களைத் தோற்கடித்திருந்த ஒஹையோ ஸ்டேட் உள்ளே போய்விட்டது. நோட்டர் டேம் அழுதுவிட்டு சும்மா இருக்கவில்லை. 2023-ல் ட்யூக்கை 13-9 என்று ஜெயித்து முதல் தேசியக் கோப்பை. 2024-ல் மேரிலாந்தை 15-5 என்று துவைத்து மறுபடி கோப்பை!

"அதுதான் ஒழுங்கான பதில். எங்க அப்பா கூட வந்து இதே இடத்துல உட்கார்ந்திருக்கேன். அவர் மத்த ஊர் ஸ்கோரையே கேட்க மாட்டார். நம்ம ஆட்டத்தை நாம ஆடுவோம்பார்" என்றவர், மஞ்சள் நோட்டைத் தடவினார். "நான் நாள் பூரா எதிரிக்காக ஜெபம் பண்றேன்."

கீழே உள்ளூர் டீம் ஜெயித்துக் கூட்டம் கலைய ஆரம்பித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பேரனின் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது தாத்தா. மேரிலாந்து ஜெயிச்சாச்சு!"

பெரியவர் முழங்காலில் இரண்டு தட்டு தட்டினார், சத்தம் வராமல். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். நான் பார்த்திருந்தேன்.

"நீங்க எதையும் பார்க்கலை, யங் மேன்" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அடுத்த சனிக்கிழமை வாங்க. அவங்களை எப்படித் திட்டறதுன்னு சொல்லித் தரேன்!"