ஏரியாக விளங்கும் அம்பிகையின் திருக்கண்

காசியில் விசாலாட்சி, காஞ்சியில் காமாட்சி, மதுரையில் மீனாட்சி என்று அம்பிகையின் கண்ணழகைத் திருநாமத்திலேயே வைத்துப் போற்றுவது பாரத நாட்டின் மரபு. அந்தத் திருக்கண்களே மூலவராக எழுந்தருளியுள்ள தலம் ஒன்று இமயமலையின் மடியில் இருக்கிறது. மலைவாசஸ்தலமாக உலகம் அறிந்த நைனிதாலே அது.

உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவூன் பகுதியில், கடல் மட்டத்திற்கு 6,000 அடிக்கு மேல், ஏழு குன்றுகள் சூழ அமைந்த ஊர் இது. நடுவே மரகதப் பச்சையாய் ஓர் ஏரி. படகில் செல்லவும் கடைவீதியில் உலாவவும் இங்கு வருவோர் பல்லாயிரம் பேர். அந்த ஏரியே ஒரு தீர்த்தம் என்பதை அறிந்து வருவோர் சிலரே.

மூன்று முனிவர்கள் கண்ட தீர்த்தம்

தட்சன் நடத்திய யாகத்தில் தன்னை மாய்த்துக்கொண்ட சதி தேவியின் திருமேனியைச் சுமந்து சிவபெருமான் சென்றபோது, தேவியின் கண்கள் விழுந்த இடம் இது என்பது தலவரலாறு. நயனம் விழுந்ததால் நைனி. ‘தால்’ என்றால் ஏரி. இமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் உள்ள நைனா தேவி ஆலயத்திற்கும் இதே வரலாறு சொல்லப்படுகிறது. அன்னைக்குக் கண்கள் இரண்டல்லவா என்று பக்தர்கள் இரு தலங்களையும் வணங்குகின்றனர்.

ஸ்காந்த புராணத்தின் மானஸ கண்டம் இந்த ஏரியைத் திரிரிஷி சரோவரம் என்கிறது. அத்ரி, புலஸ்தியர், புலஹர் என்ற மூன்று முனிவர்கள் யாத்திரையாக இங்கு வந்தபோது தாகத்திற்கு நீர் கிடைக்கவில்லை. அவர்கள் பள்ளம் தோண்டி, மானசரோவரத்து நீரை அதில் வரவழைத்தனர் என்பது வரலாறு. ஆதலால் இதில் நீராடுவது மானசரோவரத்தில் நீராடுவதற்குச் சமம் என்று முன்னோர் கருதினர்.

மலைமக்கள் இந்த இடத்தைப் புனிதமாகக் கருதி, வெளியாருக்குக் காட்டாமல் காத்து வந்தனர். 1841-ஆம் ஆண்டு பாரன் என்ற ஆங்கிலேயச் சர்க்கரை வணிகர் இங்கு வந்து சேர்ந்தார். நிலத்திற்கு உரிமை கொண்டாடிய நர்சிங் என்ற ஊர்த்தலைவரைப் படகில் ஏரியின் நடுவே அழைத்துச் சென்று, நீந்தத் தெரியாத அவரை அச்சுறுத்திக் கையெழுத்து வாங்கினார் என்று ஊரார் சொல்வர். அதன்பின் ஊர் வேகமாக வளர்ந்தது. சரிவுகளில் மரங்கள் வெட்டப்பட்டன, பங்களாக்கள் எழுந்தன.

மலை சரிந்த நாள்

1866-இலும் 1879-இலும் வடக்குக் குன்றில் மண் சரிந்தது. அந்த எச்சரிக்கைகளுக்குப் பின்னும் குன்றின் அடியில் மக்கள் குடியிருந்தனர். 1880 செப்டம்பர் மாதம் இடைவிடாது பெருமழை பெய்தது. 18-ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒரு விடுதியின் பின்புறம் மண் சரிந்து சிலர் புதையுண்டனர். அவர்களை மீட்கப் பலர் ஓடிவந்தனர். பிற்பகலில் குன்றின் பெரும்பகுதி ஒருசேர இறங்கியது. மீட்க வந்தவர்களும் மண்ணுக்குள் மறைந்தனர். 151 பேர் உயிரிழந்தனர். ஏரிக்கரையில் இருந்த நைனா தேவியின் ஆலயமும் அந்த மண்ணோடு போயிற்று.

இன்று விளையாட்டுத் திடலாகப் பரந்து கிடக்கும் ‘பிளாட்ஸ்’ என்ற சமவெளி, அன்று இறங்கிய மண்ணால் விரிந்த நிலமே. குழந்தைகள் பந்தாடும் அந்த மைதானத்தைக் கடந்துதான் பக்தர்கள் ஆலயத்திற்குச் செல்கின்றனர்.

கோயிலை இழந்த ஊர் மனம் தளரவில்லை. 1883-ஆம் ஆண்டு ஏரியின் வடகரையில் ஆலயத்தை மீண்டும் எழுப்பியது. வாயிலில் பெரிய அரசமரம் நிழல் தருகிறது. முற்றத்தில் அனுமன் காட்சி தருகிறார். கருவறையின் நடுவில் அன்னையின் இரு திருக்கண்கள். ஒரு பக்கம் காளி, மறுபக்கம் விநாயகர். அலங்காரம் சூடிய முழு உருவத்தைக் கண்டு பழகிய தமிழ்நாட்டுப் பக்தர்களுக்கு, கண்கள் மட்டும் நோக்கி நிற்கும் இந்தத் தரிசனம் உள்ளத்தை உருக்குவதாக அமையும். இங்கே பக்தன் அன்னையைப் பார்ப்பதினும் அன்னை பக்தனைப் பார்ப்பதே பெரிதாகத் தோன்றும்.

நந்தாஷ்டமி இவ்வூரின் பெருவிழா. வாழைமரத்தை ஊர்வலமாகக் கொண்டுவந்து, அதைக்கொண்டு நந்தா, சுனந்தா தேவியரின் திருவுருவங்களை அமைத்து வழிபடுவர். விழா நிறைவில் அவ்வுருவங்களை ஏரியில் கரைப்பர்.

கண்ணைக் காக்கும் கடமை

நிலச்சரிவிற்குப் பின், மழைநீர் மண்ணுக்குள் இறங்கிச் சரிவைக் குலைக்காதிருக்க, குன்றுகள் நெடுகிலும் கல் வாய்க்கால்கள் கட்டப்பட்டன. ‘நாலா’ எனப்படும் அவை இன்றும் மழைநீரை ஏரிக்குக் கொண்டு சேர்க்கின்றன. யாத்திரிகர் வீசும் நெகிழிப் பையும் தண்ணீர்ப் புட்டியும் அதே வழியில் ஏரிக்குள் இறங்குகின்றன. ஊருக்குக் குடிநீர் தருவது இந்த ஏரி. அதன் நீர் மூச்சுத் திணறும் நிலைக்கு வந்ததால், 2007 முதல் குழாய்கள் வழியே அடியில் காற்றைச் செலுத்தி வருகின்றனர். உபரிநீர் வெளியேறும் பலியாநாலாப் பள்ளத்தில் நிலம் இன்றும் சரிந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்துள்ளன.

கண்ணில் தூசி விழுந்தால் யாரும் பொறுப்பதில்லை. அன்னையின் கண் என்று வணங்கும் நீரில் ஒரு காகிதமும் போடாமல் திரும்புவது, அர்ச்சனைத் தட்டினும் உயர்ந்த காணிக்கையாகும்.

சுற்றியுள்ள தலங்கள்

ஊரிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் அனுமன் கடி உள்ளது. நீம் கரோலி பாபா அமைத்த இவ்வாலயத்தில் மாலைச் சூரியன் மறையும் காட்சி அழகியது. அல்மோரா சாலையில் சுமார் 17 கிலோமீட்டரில், அவர் 1964-இல் நிறுவிய கைஞ்சி தாம் இருக்கிறது. கத்தரிக்கோல்போல் சாலை வளைவதால் அப்பெயர். ஜூன் 15 இங்கு பிரதிஷ்டை நாள். அன்று கூட்டம் மிகுதி. முதியோர் வேறு நாளைத் தேர்ந்துகொள்வது நலம்.

பவாலி அருகே கோடாகாலில் கோலு தேவதையின் சந்நிதி உள்ளது. நீதி வழங்கும் தெய்வமாக மலைமக்கள் போற்றும் இவருக்கு, குறைகளை மனுவாக எழுதிக் கட்டுகின்றனர். முத்திரைத்தாளில் எழுதுவோரும் உண்டு. வேண்டுதல் நிறைவேறியவர்கள் கட்டிய மணிகள் வழியெங்கும் தொங்குகின்றன. பீம்தாலில் பீமேசுவரரைத் தரிசிக்கலாம். நைனிதாலில் கம்பிவட ஊர்தியில் ‘ஸ்னோ வியூ’ என்ற உச்சிக்குச் சென்றால், வானம் தெளிந்த காலையில் நந்தாதேவி, திரிசூல் சிகரங்கள் வெண்பனியுடன் தெரியும்.

முதியோர் கவனத்திற்கு

தில்லியிலிருந்து காட்கோதாம் வரை இரயில் உண்டு. அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் மலைப்பாதை. வளைவுகள் மிகுதி, வெறும் வயிற்றிலோ நிறைந்த வயிற்றிலோ பயணம் செய்யாதிருப்பது நல்லது. ஆலயம் ஏரிக்கரையின் மட்டத்திலேயே இருப்பதால் மலை ஏற வேண்டியதில்லை. தல்லிதாலிலிருந்து மல்லிதால் வரை ரிக்‌ஷாவில் செல்லலாம். மார்ச் முதல் ஜூன் நடுப்பகுதி வரையிலும், அக்டோபர், நவம்பரிலும் செல்வது உகந்தது. மழைக்காலத்தில் சாலைகளில் மண் சரியும். கோடையிலும் இரவில் கம்பளி தேவை. முதல் நாள் ஓய்வெடுத்து, மறுநாள் காலைப் பூசைக்குச் செல்வது நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் இதமளிக்கும்.

மாலை ஆரத்தி முடிந்து மணியோசை அடங்கியபின், ஆலயத்தின் கரையில் சற்று நேரம் அமரலாம். குன்றுகளில் விளக்குகள் ஏற, அவை அனைத்தும் நீரில் தெரியும். ஒரு முறை சரிந்த மலையும் மீண்டும் எழுந்த கோயிலும் அந்தக் கண்ணின் பார்வைக்குள்ளேயே இருக்கின்றன.