அத்திவாரம் போடாத நாலாவது வீடு

வீடு வாங்குவது என்றால் டைல்ஸ் பார்ப்பது, பெயின்ட் பார்ப்பது என்றுதான் ராத்தாவும் நானும் நினைத்திருந்தோம். வாப்பா கட்டாரில் பதினொரு வருடம் உழைத்துச் சேர்த்த சல்லியும் உம்மாவின் நகையும் ஒரு வீட்டுக்குள் போகப்போகிறது என்றபோதுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கியது.

வெல்லம்பிட்டியில் உம்மும்மாவின் வீட்டில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். 2016 மே மாத வெள்ளத்துக்குப் பிறகு தெமட்டகொடையில் வாடகைக்கு இருக்கிறோம். வாப்பா பார்த்து வந்த இடம் வெல்லம்பிட்டிக்குக் கிட்டத்தான். கொந்தராத்துக்காரர் ஒருவர் 36 பேர்ச் காணி வாங்கி, பாதைக்கு விட்டது போக எட்டு எட்டு பேர்ச்சாகப் பிரித்து நாலு வீடு கட்டுகிறார். இவர் ஆள் பார்த்துக் கட்டுகிறவர் அல்ல. கட்டிக்கொண்டே ஆள் தேடுகிறவர். "இப்பவே எடுத்தா உங்கட விருப்பத்துக்கு மாத்தித் தரலாம்" என்றார்.

விருப்பத்துக்கு என்ன குறை! உம்மும்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்பதால் கீழ் அறையோடு சேர்ந்த குளியலறை, உட்கார்ந்து வுழூச் செய்யத் தாழ்வான குழாய், எனக்குப் புத்தகத் தட்டு. எல்லாவற்றுக்கும் "செய்யலாம், செய்யலாம்" என்றார். உம்மா மட்டும், "ரோட்டிலிருந்து வீட்டுத் தரை எத்தனை அடி உயரம்?" என்று கேட்டார். "இங்க தண்ணி வந்ததில்ல" என்று பதில் வந்தது.

உம்மா மறுபேச்சுப் பேசவில்லை. எதிர்வீட்டுச் சிங்கள ஆச்சியிடம் போனார். அந்த ஆச்சி தன் மதிலில் 2016இல் தண்ணீர் நின்ற அடையாளத்தைக் காட்டினார். பாதையிலிருந்து மூன்றடி இருக்கும். கட்டி முடியப்போகும் மூன்று வீடுகளின் தரையோ ஓரடி உயரம்தான். நாலாவது வீட்டுக்கு மட்டும் இன்னும் அத்திவாரம் வெட்டவில்லை.

ஆகவே பேச்சு நாலாவது வீட்டில் வந்து நின்றது. தரையை நாலடி உயர்த்தினால் உம்மும்மா எப்படி ஏறுவார்? சக்கர நாற்காலி போகும் சாய்தளம் ஓரடிக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று ராத்தா தேடிப்பார்த்துச் சொன்னாள். நாலடிக்கு 48 அடி! எட்டு பேர்ச்சில் வீட்டைக் கட்டுவதா, சாய்தளத்தைக் கட்டுவதா? கடைசியில் உம்மும்மாதான் தீர்த்துவைத்தார். "அண்டைக்கு என்னக் கதிரையோட தூக்கினீங்க. எட்டுப் படிதானே, புடிச்சி ஏத்துங்க."

வாப்பாவின் கவலை வேறு. மீதிப் பணத்துக்கு இஸ்லாமிய வங்கியிடம் போவதாக இருந்தோம். வங்கி நம்மோடு பங்காளியாகி வாங்கும். நாம் அதன் பங்குக்கு வாடகை கட்டிக்கொண்டே, பங்கைச் சிறிது சிறிதாக வாங்கவேண்டும். ஆனால் தெளிவான உறுதியும் அங்கீகரித்த வரைபடமும் இல்லாமல் வங்கி கை வைக்காது. அதுவரை கொடுப்பதெல்லாம் நம் சல்லி. காணியோ அவர் பெயரில். நாங்கள் கேட்டுப் போட்ட ஒவ்வொரு கல்லும் அவருடைய காணியில்தான் நிற்கும். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், 2022இல் சீமெந்தும் கம்பியும் விலை ஏறியபோது அரைகுறையாக நின்றுபோன வீடுகளை நாங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறோம். காணிக் கொடுக்கல் வாங்கல் நொத்தாரிசின் முன் எழுத்தில் இருக்கவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டம். வாய்ப்பேச்சோடு நீதிமன்றம் போய்ப் பயனில்லை.

கையில் இல்லாத பொருளை விற்பதற்குத் தடை இருந்தாலும், செய்வித்து வாங்கும் 'இஸ்திஸ்னா' ஆகும் என்று இஸ்லாம் பாடத்தில் படித்திருந்தேன். பொருளின் விபரமும் விலையும் மயக்கமில்லாமல் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. இதை வீட்டில் சொன்னதும் வாப்பா என் அப்பியாசக் கொப்பியிலேயே ஒரு தாள் கிழித்து எழுதத் தொடங்கினார். தரை நாலடி. கீழே குளியலறை. மாற்றங்கள் வரைபடத்தில் ஏறி, சபையின் அனுமதி வந்த பிறகே வேலை. அத்திவாரம், கொங்கிரீட் தட்டு, கூரை என ஒவ்வொன்றும் முடிந்த பிறகே அதற்குரிய பணம். கடைசிப் பங்கு, இணக்கச் சான்றிதழும் உறுதியும் கைக்கு வரும்போது. டைல்ஸ் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "அத நாளைக்கும் மாத்தலாம். அத்திவாரத்த மாத்த ஏலாது" என்றார்.

கொந்தராத்துக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, பாதிப் பணத்தை முதலிலேயே கேட்டார். வாப்பா ஸலாம் சொல்லி எழுந்துவிட்டார். பத்து நாள் வீட்டில் ஒருவரும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. பிறகு அவரே அழைத்தார். கட்டம் கட்டமாகப் பணம் வாங்கச் சம்மதம், ஆனால் தரையை உயர்த்த ஆறு இலட்சம் கூடும். மேல்மாடி பல்கனியையும் என் புத்தகத் தட்டையும் வெட்டி அதைச் சமாளித்தோம். பல்கனிக்காக ராத்தா ஒரு நாள் முகம் கொடுக்கவில்லை.

போன மாதம் நொத்தாரிசின் முன் ஒப்பந்தம் எழுதினோம். சபையின் அனுமதியும் வந்து, இப்போது அத்திவாரம் எழும்புகிறது. வெள்ளிக்கிழமைகளில் உம்மா தையல் பெட்டியிலுள்ள அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அங்கே போகிறார். சென்ற வாரம் மூன்றடி இரண்டு அங்குலம்.