இலவசக் கல்வியின் விலை

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அரசாங்கப் பாடசாலைகளிற் கற்பிக்கும் நாம் இரண்டு கணக்குகளை வைத்திருக்கவேண்டியவர்களாக இருக்கின்றோம். ஒன்று வரவு இடாப்பு. மற்றையது காசுக் கொப்பி. வசதிக் கட்டணம் கட்டிய பிள்ளை யார், தவணைப் பரீட்சை வினாத்தாளுக்குக் காசு கொண்டுவராத பிள்ளை யார், மின்விசிறி வாங்க எவ்வளவு சேர்ந்தது என்ற விபரங்கள் யாவும் இரண்டாவதில் உள. பாடஞ் சொல்ல வந்தவர்களைத் தண்டற்காரராக்கியது யார் என்பதே எமது கேள்வி.

இந்நாட்டின் இலவசக் கல்வி பெருமைக்குரிய வரலாறு. கல்வி மந்திரி கன்னங்கரா தலைமை வகித்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. செல்வாக்குள்ளோரின் எதிர்ப்பைத் தாண்டி, 1945 ஒக்டோபரிலே, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் நீக்கப்பட்டது. 1980இல் இலவசப் பாடநூலும், 1993இல் இலவசச் சீருடையும் வந்தன. ஏழை வீட்டுப் பிள்ளைகள் வைத்தியராகவும் ஆசிரியராகவும் ஆனது இதன் பயனே.

ஆயினும், அந்த உரிமைக்கேற்ற பணம் ஒதுக்கப்படவில்லை. தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 4 முதல் 6 வீதம் வரை கல்விக்குச் செலவிடவேண்டும் என்று 2015இல் இஞ்சியோன் நகரிற் கூடிய உலகக் கல்வி மாநாடு கூறியது. இலங்கையோ நெடுங்காலமாக 2 வீதத்தை ஒட்டியே செலவிட்டு வந்துள்ளது. 2022 மார்ச்சில், அச்சிடக் காகிதமின்றி, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பின்போடப்பட்டதையும் கண்டோம்.

இந்தக் குறையைப் பெற்றார் நிரப்புகின்றனர். நிரப்ப இயலாதவர் பிள்ளைகள் என்ன செய்வர்? காசு கேட்ட ஒரு கிழமையிற் கொட்டாஞ்சேனை மாணவன் ஒருவன் மூன்று நாள் வரவில்லை. தந்தை புறக்கோட்டையில் நாட்டாமை. நான்காம் நாள் வந்து, "காய்ச்சல், சேர்" என்றான். அது என்ன காய்ச்சல் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை, அவர்களுட் பலருக்கும் அக்காய்ச்சல் வந்ததுண்டு. அந்த மூன்று நாளிலேதான் பின்னக் கணக்குகளைத் தொடங்கியிருந்தோம்.

ஆசிரியர் நிலையும் வேறல்ல. வெண்கட்டியும் போட்டோக் கொப்பியும் பல வேளைகளில் எமது கைக்காசிலேயே வருகின்றன. சம்பளமோ கொழும்பின் வாடகைக்கும் விலைவாசிக்கும் ஈடுகொடுப்பதில்லை. எனவே எம்மவர் பலர் மாலையில் ரியூட்டரிக்குச் செல்கின்றனர். காலையில் நாற்பது பிள்ளைகளுக்கு அவசரமாகச் சொன்ன பாடம், மாலையில் வெள்ளவத்தை ஒழுங்கையொன்றிலே, காசு கட்டியவர்களுக்கு நிதானமாகச் சொல்லப்படுகின்றது. 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை, சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோது, பிள்ளைகளை மறந்தவர்கள் என்று எம்மை ஏசினர். ஆசிரியன் வயிறு நிறைந்தாலன்றிப் பாடசாலையிற் பாடம் நிறையாது என்பதை ஏசியவர் எண்ணவில்லை.

"வசதியுள்ள பெற்றார் மனமுவந்து கொடுத்தால் என்ன குற்றம்?" என்று சிலர் வினவுவர். பெற்றார் பையை நம்பி வாழும் பாடசாலை அந்தப் பையின் அளவுக்கே வளரும். வசதியுள்ளோர் பிள்ளைகள் படிக்குமிடத்தில் மாடிக் கட்டிடம் எழும். துறைமுகத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்குமிடத்திற் கூரை ஒழுகும். 1945இல் ஒழித்ததாகக் கூறப்பட்ட பேதம் இவ்வாறு பின்கதவால் நுழைந்துவிடுகின்றது.

கல்விக்கு 6 வீதம் வேண்டுமென்று 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஏறக்குறைய மூன்று மாதம் வேலைநிறுத்தஞ் செய்தனர். அக்கோரிக்கை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. காசுக் கொப்பியை நடுவில் வைத்து ஆசிரியரும் பெற்றாரும் ஒருவரையொருவர் நொந்துகொள்வதால் ஆவதொன்றுமில்லை. இரு சாராரும் ஒன்றாக நின்று, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் விவாதிக்கப்படும் சபையை நோக்கிக் குரலெழுப்பவேண்டும். கட்டவேண்டிய காசைக் கட்டாதிருப்பது நாட்டாமையின் மகனல்லன், அரசே.