ஆளில்லாத செஷனை மூடி வையுங்கள்

சர்வர் நிர்வாகத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

எஸ்எஸ்எச் வழியாக ரூட்டாக லாகின் செய்துவிட்டு எழுந்து போவது, கல்லாப்பெட்டியைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போவதற்குச் சமம். அந்த நேரத்தில் யார் கீபோர்டைத் தொட்டாலும், சர்வருக்கு அவர் நீங்கள்தான். கார்டு விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ், செஷன் 15 நிமிடத்துக்கு மேல் சும்மா கிடந்தால் மீண்டும் அடையாளம் கேட்கச் சொல்வது இதனால்தான்.

சும்மா கிடக்கும் செஷனை மூட, எஸ்எஸ்எச் சர்வர் அமைப்பில் ‘கிளையன்ட்அலைவ்இன்டர்வல்’ போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். மறுமுனைக் கணினி பதில் தருகிறதா என்று மட்டுமே அது பார்க்கும். நீங்கள் தூங்கினாலும் லேப்டாப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். ‘கிளையன்ட்அலைவ்கவுன்ட்மேக்ஸ்’ மதிப்பைப் பூஜ்யமாக்கும் பழைய உத்தியும் 2020-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2 முதல் பலிக்காது. இப்போது பூஜ்யம் என்றால் துண்டிக்கவே துண்டிக்காது.

பாஷ் ஷெல்லில் ‘டிஎம்அவுட்’டுக்கு 900 கொடுத்து, யாரும் மாற்ற முடியாதபடி ரீட்ஒன்லி ஆக்குங்கள். 15 நிமிடம் எதுவும் தட்டாவிட்டால் ஷெல் தானே மூடிக்கொள்ளும். ஓடும் கட்டளையை அது தொடாது. ஆனால் ‘விம்’ எடிட்டரைத் திறந்தபடி விட்டுப் போனாலும் டிஎம்அவுட் சும்மா இருக்கும். அந்த இடைவெளியை அடைக்க, 2023-இல் ஓப்பன்எஸ்எஸ்எச் 9.2-உடன் வந்த ‘சேனல்டைம்அவுட்’ இருக்கிறது. நீண்ட வேலைகளை டிமக்ஸ் என்ற கருவிக்குள் ஓட்டுங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

இன்றைக்கே உங்கள் சர்வரில் பாருங்கள். அதில் இருப்பது நம்மை நம்பியவர்களின் தகவல்.