விரித்துக் கொடுத்த ஊர்

(இரண்டாம் ஆண்டு, வேதியியல்)

பவானி என்றதும் வெளியூர் நண்பர்கள் இரண்டைத்தான் கேட்கிறார்கள். ஒன்று கூடுதுறை, மற்றொன்று ஜமக்காளம். முன்னதில் மூழ்குகிறார்கள், பின்னதில் அமர்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே மனிதர்கள் வாழும் ஓர் ஊர் இருக்கிறது என்பதைச் சொல்லவே பேனா எடுத்தேன்.

காவிரியும் பவானியும் கலக்கும் முனையில் சங்கமேஸ்வரர் கோயில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் அமுதநதியும் இங்கே சேர்கிறது என்பது நம்பிக்கை. சம்பந்தர் பாடிய திருநணா இதுவே. ஆடிப் பதினெட்டுக்கும் அமாவாசைக்கும் எங்கெங்கிருந்தோ மக்கள் திரள்வார்கள். முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைத்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார்கள்.

ஒரு காலத்தில் இவ்வூர் கலெக்டரின் தலைமையிடமாகவும் இருந்தது. வில்லியம் காரோ என்ற ஆங்கிலேயக் கலெக்டரை, வேதநாயகி அம்மன் சிறுமி வடிவில் வந்து, இடியவிருந்த மாளிகையிலிருந்து வெளியே அழைத்துக் காப்பாற்றினாள் என்று கதை சொல்வார்கள். கோயிலுக்குள் வரமுடியாத அவர் அம்மனைத் தரிசிக்க மதிலில் இட்ட மூன்று துளைகளையும் காட்டுவார்கள். கதையை நம்பாதவரும் அவர் அளித்த தந்தக் கட்டிலைப் பார்க்கலாம். அதில் 11-1-1804 என்று தேதி இருக்கிறது. அதே 1804இல்தான் பவானி, தாராபுரம் ஆகியவற்றைத் தலைமையிடங்களாகக் கொண்டிருந்த பகுதிகள் ஒன்றாகிக் கோவை மாவட்டமாயின. கலெக்டர் போய்விட்டார், கட்டில் இருக்கிறது!

அதற்கும் ஐந்து நூற்றாண்டு முன்னர், கூடுதுறைக்குச் சற்று மேலே பவானியாற்றில் அணை கட்டி வாய்க்கால் வெட்டினார் காலிங்கராயன். 1271 முதல் 1283 வரை பன்னிரண்டாண்டு உழைப்பு என்பர். ஐம்பத்தாறு மைல் வளைந்து வளைந்து ஓடி நொய்யலைத் தொடும் வாய்க்கால் அது. சொந்த நிலத்துக்காக வெட்டினார் என்ற பழி வரக்கூடாதென்று, அந்த நீரைத் தம் வழியினர் பயன்படுத்தமாட்டார்கள் எனச் சொல்லிப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்கே குடிபெயர்ந்தாராம். எங்கள் ஊரின் குணம் அன்றே அமைந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஏனெனில் ஜமக்காளமும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சீமைத் துணியின் போட்டியைச் சமாளிக்க இங்குள்ள நெசவாளர் கண்ட வழி இது. தரையில் குழி, குழிக்குள் கால், காலடியில் மிதிபலகை. தடித்த நூலை அச்சால் ஓங்கி ஓங்கி அடிக்கவேண்டும். மாலையில் தோள் கழன்றுவிடும். அகலமான விரிப்பென்றால் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பவேண்டும். பெரும்பாலும் கணவனும் மனைவியும்தான். சண்டை போட்ட நாளிலும் நாடா மட்டும் போய் வந்துகொண்டிருக்கும்! சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டைகள் எழும். ஓரத்தில் யாரோ ஒருவரின் கல்யாண மண்டபப் பெயரையும் நெய்து தருவார்கள். நெய்தவர் பெயர் எந்த விரிப்பிலும் இல்லை.

1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப் பட்டியலில் ஜமக்காளம் உண்டு. 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் விசைத்தறி விரிப்பு பாதி விலைக்கு வந்து பவானிப் பெயரிலேயே விற்கிறது. கடைக்காரரிடம் யார் போய்ச் சட்டம் பேசுவது? தறிக்குழிகள் ஒவ்வொன்றாக மண் தள்ளி மூடப்படுகின்றன. எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் மூடி, மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

'பாரம்பரியம் அழிகிறதே' என்று மேடையில் வருந்துகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்களில் எவரும் தம் பிள்ளையைக் குழியில் இறக்கச் சம்மதிக்கமாட்டார். என் அப்பாவும் சம்மதிக்கவில்லை. "நீ படி கண்ணு, இந்தக் குழி என்னோட போகட்டும்" என்றார். அந்தக் குழியிலிருந்து வந்த கூலியில்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள். அடிப்பவன் தோளுக்கு ஏற்ற கூலி கிடைத்தால், என் வயதுப் பையன்கள் ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் பேருந்து பிடிக்கமாட்டார்கள் என்பது என் துணிபு.

சென்ற விடுமுறையில், சாயத்தொட்டியில் கறியுப்பு சேர்த்தால் நேர்ச்சாயம் பருத்தி நூலில் நன்கு ஏறும் என்று, வகுப்பில் படித்ததை அப்பாவுக்கு விளக்கினேன். முழுவதும் கேட்டார். "உப்புப் போடுறது எங்க தாத்தா காலத்திலேயே தெரியும். எதுக்குன்னுதான் தெரியாது, அதைச் சொல்லு" என்று தறியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.