சார் தூங்கிய செலவு

உங்களுக்கு இளம்பிள்ளையைத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் வீட்டு பீரோவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். 'அசல் பட்டு மாதிரியே இருக்கே!' என்று தீபாவளிக்கு வாங்கிய புடவைகளில் ஒன்றாவது இந்த ஊர்த் தறியில் பிறந்ததாக இருக்கும்.

சேலத்திலிருந்து பஸ் ஏறினால் வழியில் கஞ்சமலை. அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் அலைமோதும் சித்தர் கோயில் அங்கேதான். திருமூலர் இங்கு வந்தபோது, கூட இருந்த கிழவர் ஒரு மூலிகைக் குச்சியால் சோற்றைக் கிளற, சோறு கறுத்துவிட்டதாம். பயந்துபோய் அதைத் தானே தின்றவர் இளம்பிள்ளையாகிவிட்டாராம். ஊர்ப் பெயருக்கு இப்படி ஒரு கதை. முன்நெற்றி வழுக்கையைத் தடவியபடியே நானும் ஜன்னல் வழியாகக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு போனேன்.

நான் போனது சேவைக்கு! ஒரு தொண்டு அமைப்பு என்னைப் பிடித்து, "பி.காம். படிச்சிருக்கீங்க, நெசவாளர் குடும்பங்களுக்கு வரவு செலவு எழுதச் சொல்லிக் குடுங்க. சனி, ஞாயிறு ரெண்டே நாள்" என்றது. திங்கட்கிழமை ஆபீஸில் சொல்லிக்கொள்ளலாமே என்று கிளம்பிவிட்டேன்.

தங்கியது ஒரு நெசவாளர் வீட்டில். முன்கூடத்தில் இரண்டு விசைத்தறிகள். தலைக்கு மேலே ஜக்கார்டு அட்டைகள் மாலை மாதிரி தொங்கின. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்தது. நாங்கள் பேசிக்கொண்டது பாதி சைகையில்தான். இரவு படுத்தேன். 'டக்கடக் டக்கடக்'... காதில் பஞ்சு வைத்தும் பலனில்லை. பத்து மணிக்கு மேல் திடீரென்று நிசப்தம். 'ஆஹா, இவங்களுக்கும் தூக்கம் வந்துடுச்சு' என்று நிம்மதியாகக் குறட்டை விட்டேன்.

மறுநாள் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பு. அக்கம்பக்கத்தாரும் வந்திருந்தார்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று முழங்கினேன். "எது கையை விட்டுப் போனாலும் எழுதணும், ஒண்ணையும் விடக்கூடாது" என்று நோட்டைக் கொடுத்தேன்.

வீட்டுக்காரரின் மகள், பிளஸ் டூ படிப்பவள், முதலில் நீட்டினாள். செலவுப் பக்கத்தில் முத்து முத்தாக:

'சனி ராத்திரி, தறி நிறுத்தம் (சார் தூங்க).
ஞாயிறு காலை, தறி நிறுத்தம் (சார் வகுப்பு). ரெண்டு தறி, ரெண்டு மணி நேரம். ஒரு சேலைக் கூலி.'

வரவுப் பக்கம் காலி.

கணக்கில் தப்பே இல்லை! அம்மாக்காரர் பதறிப்போய், "ஏய், இதெல்லாமா எழுதுவாங்க?" என்று நோட்டைப் பிடுங்கினார். "சரியாத்தாங்க எழுதியிருக்கு" என்றேன். எனக்கே குரல் எழும்பவில்லை.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் என்றிருந்தது 2023-ல் 1000 ஆனது. கரண்ட்டு இலவசமாகக் கிடைக்கலாம் சார். தறி நின்ற நேரத்தை யார் தருவார்கள்? என் சனி, ஞாயிறுக்கு ஆபீஸில் சம்பளம் உண்டு. அவர்களுக்கு நாடா ஓடினால்தான் கூலி. இதை நான் வகுப்பெடுக்க வந்திருக்கிறேன்!

காலேஜில் என்.எஸ்.எஸ். முகாம் போனதும் ஞாபகம் வந்தது. 1969-ல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் கொள்கை. ஏழு நாள் மண் வெட்டினோம். நாங்கள் வெட்டியதைவிட எங்களுக்கு அந்த ஊர் ஆக்கிப் போட்ட சோறு அதிகம். உலகத்திலும் இதே கதைதான். சேவை செய்ய மெக்சிகோ வந்த அமெரிக்க மாணவர்களிடம் 1968-ல் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர், சுற்றிப் பார்க்கவோ கற்றுக்கொள்ளவோ வரலாம், உதவுகிறேன் என்று மட்டும் வரவேண்டாம் என்கிற அர்த்தத்தில் முகத்துக்கு நேராகப் பேசினார். அவருக்கும் யாரோ ஒரு நோட்டைக் காட்டியிருப்பார்கள் போல!

கிளம்பும்போது தயங்கித் தயங்கிப் பணத்தை நீட்டினேன். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அட, வேண்டாங்க சார். விருந்தாளிகிட்டப் போயி கூலி வாங்குவாங்களா?"

"அப்ப நான் வரவே வேண்டாங்களா?"

"அப்படிச் சொல்லலீங்க. பாப்பாவுக்குக் கணக்குப் பாடத்துல சந்தேகம் நெறைய இருக்குது. அடுத்த தடவை கரண்ட்டு கட்டாகிற நாளாப் பாத்து வாங்க. தறி சும்மாத்தானே நிக்கும்!"

இப்போதெல்லாம் பேப்பர் வந்ததும் நான் முதலில் தேடுவது மின்தடை அறிவிப்பை. அது சனி, ஞாயிறில் வந்ததே இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. லீவு போட்டேன், சம்பளம் பிடித்துக்கொண்டார்கள்.

அதை என் நோட்டில் செலவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.